ஆறு கால் தெய்வங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான்கு நண்பர்களோடு வாரம் ஒருமுறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து ரோல்பிளேயிங் கேம் ஆடுகிறேன், ஆளுக்கொரு கேரக்டராகப் பேசிப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம். விதிகள் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ், உலகம் மட்டும் நான் உருவாக்கியது. கதையை நடத்தும் கேம் மாஸ்டரும் நான்தான். அந்த உலகத்துக்காகப் பூச்சித் தெய்வங்களின் மந்திரப் புத்தகம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு தெய்வங்கள், நாற்பது மந்திரங்கள். போன வாரம் முதல்முறையாக அதை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தேன். "இறக்கை வைத்த ஃபயர்பால்" என்று, அந்த விதிகளில் உள்ள நெருப்பு உருண்டை மந்திரத்தின் பெயரை வைத்து ஒரு நண்பர் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாதிரிக்கு ஒன்று: "வெட்டுக்கிளிக் கோபம். மூன்றாம் லெவல். இருபது அடி ஆரத்துக்குள் இருக்கும் அனைவருக்கும் ஆறுமுகப் பகடை எட்டு உருட்டிச் சேதம்."

எங்கே தவறினேன்? தெய்வமாக நினைக்க முடியாத அளவுக்குப் பூச்சி சின்னதா? சிலந்தியைச் சேர்க்கலாமா? இன்னொன்று, குழுவில் ஒருவருக்குப் பூச்சி என்றாலே உடம்பு கூசும். என்ன செய்வது?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் சொன்னது சரி. மூன்றாம் லெவல், இருபது அடி, எட்டுப் பகடை. அப்படியே ஃபயர்பாலின் எண்கள். வெட்டுக்கிளியை எடுத்துவிட்டு நெருப்பை வைத்தாலும் அந்தப் பக்கத்தில் ஒரு சொல் மாறாது. நாற்பது மந்திரங்களையும் இப்படித்தான் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எண்களை முதலில் எழுதிவிட்டு அதற்குப் பொருத்தமாக ஒரு பூச்சியைத் தேடியிருக்கிறீர்கள். பூச்சியிடமிருந்து தொடங்குங்கள். அது உண்மையில் என்ன செய்கிறது, அதையே ஒரு தெய்வம் செய்தால் மனிதனிடம் என்ன கேட்கும்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு எண்களுக்கு வாருங்கள்.

பூச்சி சின்னது என்ற தயக்கமே வேண்டாம். பழைய எகிப்தில் சாணவண்டு தெய்வம். பெயர் கெப்ரி. மனித உடம்பின் மேல் தலை இருக்க வேண்டிய இடத்தில் முழு வண்டையே வைத்து வரைந்தார்கள். வண்டு உருண்டையை உருட்டிப் போவதையும், மண்ணுக்குள்ளிருந்து புது வண்டு தானே பிறந்ததுபோல் வெளியே வருவதையும் பார்த்தவர்கள், காலைச் சூரியனை உருட்டி வருவதும் அதுதான் என்று நம்பினார்கள். அந்தப் பெயரின் வேர்ச்சொல்லுக்கு 'ஆதல்' என்று பொருள். இறந்தவரின் மார்பில், மம்மித் துணிச் சுற்றுகளுக்கு நடுவே, கல்லில் செதுக்கிய வண்டு ஒன்றை வைப்பார்கள். அதன் அடிப்பக்கத்தில் ஒரு மந்திரம் பொறித்திருக்கும். மறுமையில் இதயத்தைத் தராசில் வைத்து நிறுக்கும்போது, இதயமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்று கெஞ்சும் மந்திரம் அது. ஒரு பூச்சியின் வயிற்றிலேயே எழுதிய உண்மையான மந்திரம், யாரையும் எரிக்கவோ அடிக்கவோ இல்லை. மனிதனுக்குத் தன் இதயத்திடமே இருக்கும் பயத்துக்காக எழுதியது. இதைப் படித்த பிறகு என்னால் சேதக் கணக்கைப் பழைய ஆர்வத்தோடு பார்க்க முடியவில்லை.

அருணாசுரன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு காலுள்ள எதனாலும் நான்கு காலுள்ள எதனாலும் சாவு வரக்கூடாது என்று வரம் வாங்கியவன். தேவி பிராமரியாக வந்தாள், கூடவே கூட்டம் கூட்டமாக வண்டுகள். வண்டுக்கு ஆறு கால். வரத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இன்றைய துருக்கிப் பகுதியில் பழங்காலத்தில் வாழ்ந்த ஹிட்டைட் மக்களின் புராணத்திலும் இதே மாதிரி ஒன்று உண்டு. தெலிப்பினு என்ற தெய்வம் கோபித்துக்கொண்டு எங்கோ போய்விட, பயிரெல்லாம் வாடுகிறது. தேடப்போன கழுகு வெறுங்கையோடு திரும்புகிறது. ஹன்னஹன்னா என்ற தாய்த்தெய்வம் தேனீயை அனுப்புகிறாள். அது போய், தூங்கிக்கொண்டிருக்கும் தெலிப்பினுவைக் கையிலும் காலிலும் கொட்டி எழுப்புகிறது. எழுந்த தெய்வத்துக்குக் கோபம் இன்னும் கூடிவிடுகிறது! பெரிய தெய்வங்களின் கண்ணில் படாத இடுக்கு எதுவோ, அங்கேதான் பூச்சித் தெய்வத்தின் பலம் இருக்கிறது. உங்கள் மந்திரங்களும் அங்கேயே வேலை செய்யட்டும். பூட்டிய கதவை உடைக்க வேண்டாம். சாவித் துவாரத்துக்குள் நுழைவதற்கு என்ன விலை என்று எழுதுங்கள்.

இனி குளவி. கொட்டக் கொட்டக் குளவியாகும் என்று சொல்வோம். கூட்டுக்குள் அடைபட்ட புழு, குளவி கொட்டிக் கொட்டியே குளவியாக மாறிவிடுகிறது என்பது பழைய நம்பிக்கை. உள்ளே நடப்பது வேறு. மரகதப் பச்சையாக மின்னும் ஒரு குளவி உண்டு, கரப்பானைத்தான் தேடும். முதல் கொட்டு மார்பில். முன்னங்கால்கள் சில நிமிடங்களுக்குத் துவண்டுபோகும். இரண்டாவது கொட்டு தலைக்குள், சரியாக மூளையில். அதன் பிறகு கரப்பானின் கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தானாக நடக்கத் தொடங்காது. குளவி அதன் உணர்கொம்புகளைப் பாதியாகக் கடித்து, கசியும் நீரைக் குடித்துவிட்டு, மிச்சக் கொம்பைப் பிடித்து இழுக்கும். கயிறு கட்டிய கன்றுபோல் கரப்பான் பின்னாலேயே போகும். வளைக்குள் அதன் காலில் ஒரு முட்டை, வாசலில் அடைப்புக்குக் கற்கள், அவ்வளவுதான்.

இதை மந்திரமாக எழுதிப் பாருங்கள். பெயர் 'இரண்டாம் கொட்டு'. சேதம் பூஜ்யம். கொட்டப்பட்டவர் நடப்பார், ஏறுவார், பேசுவார், ஆனால் எதையும் தானாகத் தொடங்க மாட்டார். கையைப் பிடித்தால் கூட வருவார். கேள்வி கேட்டால் உண்மையான பதில் சொல்வார். யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் தீப்பிடித்த அறையிலும் அப்படியே நிற்பார். மந்திரம் போட்டவர் மூன்று நாளுக்குள் அவரைத் தெய்வம் காட்டும் ஒரு வளை வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விட வேண்டும், விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒரு காவலனைத் தாண்டிப்போக உங்கள் நண்பர்கள் இதைப் பயன்படுத்தட்டும். அந்தக் காவலன் வழியெல்லாம் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு, தன் பெண்ணின் பெயரைக்கூடச் சொல்லிக்கொண்டு, கூட நடந்து வருவான். யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பதற்கு நான் பொறுப்பு. ஒரே எச்சரிக்கை. இந்த மந்திரத்தை ஆடுபவர்களின் கேரக்டர் மேல் ஒருபோதும் போடாதீர்கள். மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் இருப்பதே முடிவெடுக்கும் உரிமை ஒன்றுதான். அதைப் பிடுங்கினால் அவர் அந்த மாலை முழுக்க வெறும் பார்வையாளர்.

சில்வண்டு உங்கள் பன்னிரண்டில் இருக்கிறதோ என்னவோ, இல்லையென்றால் கட்டாயம் சேர்க்க வேண்டும். வட அமெரிக்காவில் 13 ஆண்டும் 17 ஆண்டும் மண்ணுக்குள் இருந்துவிட்டுக் கூட்டமாக வெளிவரும் இனங்கள் உண்டு. ஒரு 13 ஆண்டுக் கூட்டமும் ஒரு 17 ஆண்டுக் கூட்டமும் 2024-இல் ஒரே பருவத்தில் வெளிவந்தன. அதே இரண்டும் அதற்கு முன்பு சேர்ந்து வந்தது 1803-இல். பதின்மூன்றைப் பதினேழால் பெருக்கினால் 221, இடையே கடந்த ஆண்டுகளும் அத்தனைதான். இந்தத் தெய்வத்தின் மந்திரத்தைப் போட்டால் அன்றைக்கு ஒன்றுமே நடக்காது. மந்திரத்தை எந்த இடத்தில் புதைத்தார்கள், என்ன கேட்டார்கள் என்று நீங்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பதினேழாவது ஆட்டத்தில், அப்போது அந்த இடத்தில் யார் இருந்தாலும் சரி, மந்திரம் வெளியே வரும். வாராவாரம் ஆடும் குழுவுக்கு அது நான்கு மாதம். கேட்டவரே மறந்திருப்பார். கம்ப்யூட்டர் கேமில் இதைச் செய்யலாம்தான், ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் நண்பர் நான்கு மாதமாக ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார் என்று தெரிகிற கணம் மேசையில் மட்டுமே கிடைக்கும்.

எறும்புத் தெய்வத்துக்கு 'நான்' என்ற சொல் இருக்கக் கூடாது. இதில் தமிழில் எழுதுகிற உங்களுக்கு ஒரு பெரிய வசதி. வரம் தரும்போது 'நாம்' என்று பேசட்டும், மறுக்கும்போது 'நாங்கள்' என்று பேசட்டும். கேட்டவன் கூட்டத்துக்குள் இருக்கிறானா வெளியே நிற்கிறானா என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும். நீங்கள் விளக்கவே வேண்டாம். நண்பர்கள் இரண்டு மூன்று ஆட்டத்தில் தாங்களே கண்டுபிடிப்பார்கள். மேஃப்ளை என்ற சின்னப் பூச்சிக்கு, வளர்ந்த பிறகு வேலை செய்யும் வாயே கிடையாது, பல இனங்களுக்கு ஆயுள் ஒரு நாள்கூட இல்லை. அதைத் தெய்வமாக்கினால் அதன் மந்திரங்களை வாய்விட்டுச் சொல்ல முடியாது. இது சின்ன விஷயம், நினைவில் மட்டும் வையுங்கள்.

அப்புறம், புத்தகம். தோல் அட்டை, வெள்ளிப் பூண் என்று வர்ணித்திருப்பீர்கள். அதெல்லாம் எந்த மந்திரவாதியிடமும் இருக்கும். பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் கையெழுத்துப் பிரதிகளை எழுதிய கருப்பு மை மாசிக்காயிலிருந்து வந்தது. ஒரு சின்னக் குளவி ஓக் மரத்தில் முட்டையிட்ட இடத்தில், மரமே புழுவைச் சுற்றி வளர்த்துவிடும் புடைப்புதான் மாசிக்காய். எழுத்தைக் கொடுத்ததும் பூச்சி, ஏட்டைத் தின்பதும் பூச்சி. செல்லரித்த பக்கங்கள் உங்கள் புத்தகத்தில் வேண்டும். ஒவ்வொரு மந்திரத்திலும் ஒரு சொல் ஓட்டையாகப் போயிருக்கட்டும். அந்தச் சொல்லைத் தின்றது எந்தத் தெய்வம் என்று தெரிந்தால்தான் மந்திரம் பலிக்கும். ஒவ்வொரு முறை போடும்போதும் ஓட்டை கொஞ்சம் பெரிதாகட்டும்.

சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சியில்லை. பன்னிரண்டில் சேர்க்காமல், பன்னிரண்டு தெய்வங்களும் பெயர் சொல்லப் பயப்படும் ஒன்றாக வெளியே வையுங்கள்.

கூசுகிற நண்பரிடம் ஆட்டத்துக்கு முன்பே தனியாகப் பேசுங்கள். எது வந்தால் தாங்காது என்று கேளுங்கள். தோலுக்கடியில் ஊர்வது மட்டும் வேண்டாம் என்று சொல்லலாம், எல்லாமே வேண்டாம் என்றும் சொல்லலாம். எல்லாமே வேண்டாம் என்றால் இந்தப் புத்தகத்தை அந்தக் குழுவில் திறக்காதீர்கள். மேசை நடுவில் எக்ஸ் கார்டு ஒன்றும் இருக்கட்டும். அதை யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் காட்சியை மாற்றிவிடுங்கள்.

கடைசியாக உங்கள் வெட்டுக்கிளி. அதைத் தூக்கிப் போட வேண்டாம். பாலைவன வெட்டுக்கிளி தனியாக இருக்கும்போது சாது, மற்ற வெட்டுக்கிளிகளைக் கண்டால் ஒதுங்கிப் போகும். இரை குறைந்து ஓரிடத்தில் நெருக்கியடிக்கும்போது பின்னங்கால்கள் மற்ற வெட்டுக்கிளிகளோடு உரசும். அந்த உரசல் சில மணி நேரம் தொடர்ந்தாலே போதும், அதன் குணம் மாறி, கூட்டத்தைத் தேடிப் போகத் தொடங்கிவிடும். நிறமும் பின்னால் மாறும். அப்படியானால் வெட்டுக்கிளிக் கோபம் இப்படி இருக்கலாம்: பசித்திருக்கும் ஒரு கூட்டத்துக்குள் போய், ஒரே ஒருவரின் முழங்காலைத் தொட வேண்டும். தொட்டவர் அதன் பிறகு எதுவும் செய்ய வேண்டியதில்லை. தொடப்பட்டவர் யாரை உரசினாலும் அது அவருக்கும் பரவும், அவரிடமிருந்து அடுத்தவருக்கு. ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை பேர் என்று மட்டும் பகடை உருட்டுங்கள். அந்தக் கூட்டம் எந்தத் திசையில் நகரும் என்பதை மந்திரம் போட்டவர் கேட்கலாம். தெய்வம் 'நாம்' என்று பதில் சொன்னால், அவரும் அவர்களோடு நடந்தாக வேண்டும்.