பாடுறவர் வாயைத் திறக்குறதுக்குள்ள பேசி முடிக்கணும்: மைக் பிடிக்கிறவங்களுக்கான கேள்வி பதில்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் வீடு. 22 வருஷமா கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டுன்னு டி.ஜே. பண்றேன். நடுவுல நாலு வருஷம் ஒரு எஃப்.எம்.ல ராத்திரி ஷிஃப்ட். பாட்டுல குரல் வர்றதுக்கு முன்னாடி ஓடுற இசை, அதான் முன்னிசை, அது மேல பேசுறதைப் பத்தி நம்ம ஏரியா பசங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வந்த கேள்விங்களுக்கு ஒரேயடியா பதில் இதோ.

வியாசர்பாடியிலேர்ந்து ஒரு தம்பி: அண்ணே, எத்தனை நொடி இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? நான் பேசிக்கிட்டே இருக்கும்போது பாட்டு உள்ள வந்துடுது.

எஃப்.எம். ஸ்டூடியோவுல சுலபம். பாட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தும்போதே குரல் எங்க ஆரம்பிக்குதுன்னு குறிச்சு வெச்சிருப்பாங்க. திரையில 14, 13, 12ன்னு இறங்கும். கல்யாண மண்டபத்துல அதை நீதான் பண்ணணும். முந்தின நாள் வீட்ல உட்கார்ந்து, குரல் ஆரம்பிக்கிற இடத்துல ஒரு ஹாட் க்யூ போடு, அதாவது டி.ஜே. சாஃப்ட்வேர்ல அந்த இடத்துக்கு ஒரு அடையாளம். பாட்டோட பேர் பக்கத்துலயே '16', '9'ன்னு நொடியை டைப் பண்ணி வை. அவசரத்துல கணக்குப் போடணும்னா, நிமிஷத்துக்கு 120 தட்டு இருக்கிற பாட்டுல நாலு தட்டு 2 நொடி. அப்படி எட்டு சுத்து வந்தா 16 நொடி.

அடுத்தது உன் வாய் வேகம். போன்ல பதிவு பண்ணி எண்ணிப் பாரு. நான் நிதானமா பேசினா 10 நொடிக்கு 15 வார்த்தை வரும். 16 நொடி முன்னிசைன்னா முதல் 3 நொடி இசைக்கு விட்டுடுவேன், கடைசி 2 நொடியும் இசைக்கு. மிச்சம் 11 நொடி, 16 வார்த்தை. அதுக்கு மேல ஒரு வார்த்தை எழுத மாட்டேன்.

கொருக்குப்பேட்டை: நொடி கணக்கெல்லாம் சரியாத்தான் பண்றேன். ஆனா கடைசி வார்த்தையை மட்டும் பாட்டு முழுங்கிடுது. என்ன தப்பு?

இது தமிழ்ல பேசுறவங்களுக்கே உள்ள பிரச்சினை, கொஞ்சம் விரிவா சொல்றேன். நம்ம பாஷையில வினைச்சொல் கடைசியில வருது. 'இந்த இனிய மாலைப் பொழுதில் மணமக்களை மேடைக்கு வருமாறு அன்புடன் அழைக்...' அப்படின்னு போயிட்டு 'கிறோம்' மட்டும் பாடகர் குரலுக்கு அடியில மாட்டிக்கும். அரை நொடி தப்பினா மொத்த வாக்கியமும் காலி. இங்கிலீஷ்ல பேசுற ரேடியோக்காரன் முக்கியமானதை முன்னாடியே சொல்லிடலாம், வால் அறுந்தாலும் அர்த்தம் நிக்கும்.

அதனால மேடைத் தமிழை விட்டுட்டு, தெருவுல எப்படிப் பேசுறோமோ அப்படித் திருப்பிப் போடு. 'வர்றாங்க பாருங்க நம்ம பொண்ணு மாப்பிள்ளை!' வினை முன்னாடி போயிடுச்சு, பேர்ச்சொல் கடைசியில நிக்குது. அறுந்தாலும் தெரியாது, அறுக்காம விட்டா கைதட்டல் விழும். எழுதும்போதும் பின்னாடிலேர்ந்து எழுது. முதல்ல கடைசி மூணு வார்த்தையை முடிவு பண்ணு, அப்புறம் அதுக்கு முன்னாடி என்னன்னு யோசி. இடம் பத்தலைன்னா முன்பக்கத்தை வெட்டு, வாலைத் தொடாத. 'இந்த இனிய மாலைப் பொழுதில்' போனா யாரும் அழப்போறதில்ல.

திருவொற்றியூர்லேர்ந்து, நிகழ்ச்சி தொகுத்து வழங்குற ஒரு தங்கச்சி: பாட்டுக்கு முன்னாடி ஹம்மிங் வருதே, அது மேல பேசலாமா அண்ணா?

கூடாதும்மா. மனுஷக் குரல் வந்தாச்சுன்னா பாட்டு ஆரம்பிச்சாச்சு, வார்த்தை இருந்தாலும் இல்லாட்டியும். கோரஸும் அப்படித்தான். சில பாட்டுல முதல்ல 10 நொடி ஹம்மிங், அப்புறம் 20 நொடி வெறும் இசை, அதுக்கப்புறம் பல்லவி. அங்க ஹம்மிங்கை விட்டுட்டு நடுவுல பேசு. அந்த இடைவெளி ரொம்ப சௌகரியம், ஜனங்க பாட்டை அடையாளம் கண்டு ஏற்கெனவே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாங்க.

காசிமேடு: தெருவுல திருவிழா. ஸ்பீக்கர் பாக்ஸ் ரெண்டும் தெருக்கோடியில. நான் பேசுறது எனக்கே லேட்டா கேட்டு நாக்கு குழறுது. தண்ணி போட்டியான்னு கேக்குறாங்க!

நீ தண்ணி போட்டாலும் போடாட்டியும் குழறும் தம்பி. சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். பாக்ஸ் 34 மீட்டர் தள்ளி இருந்தா உன் குரல் 0.1 நொடி கழிச்சு உனக்கே திரும்பி வரும். தன் குரலைத் தாமதமா கேட்டா யாருக்கும் பேச்சு தடுமாறும். இதுல ப்ளூடூத் பாக்ஸைச் சேர்த்தா இன்னும் பேஜார், அது தன் பங்குக்கு 0.1, 0.2 நொடி இழுக்கும். ஹெட்போனை ஒரு காதுல போட்டு நேரா மிக்சர்லேர்ந்து கேளு. பாக்ஸைக் காதால துரத்தாத. முன்னிசையோட நொடியையும் ஹெட்போன்ல கேட்டுத்தான் எண்ணணும்.

பெரம்பூர்: கானா பாட்டுல முன்னிசையே இல்லையே. முதல் நொடியிலயே குரல்.

அப்போ முன்னிசையை நீ செய். பாட்டு நடுவுல வெறும் தாளம் போற இடத்தை லூப் போட்டு, அதாவது திரும்பத் திரும்ப ஓட விட்டு, அது மேல பேசு, முடிச்சதும் பாட்டை முதல்லேர்ந்து அடி. ஒரே ஒரு ஜாக்கிரதை. குத்துப் பாட்டு நிறைய திஸ்ர நடையில, அதாவது மூணு மூணா எண்ணுற தாளத்துல போகும். சாஃப்ட்வேர் அதை நாலு நாலா எண்ணிக் கட்டம் போட்டுடும். அந்தக் கட்டத்தை நம்பி லூப் வெட்டினா ஒவ்வொரு சுத்துலயும் தாளம் நொண்டும். ஆடுறவன் கால் உடனே கண்டுபிடிச்சிடும். காதால கேட்டு, கையால வெட்டு.

எண்ணூர்: நான் பேசும்போது இசையை எவ்வளவு குறைக்கணும்? பேசவே விடாம ஸ்பீக்கர் கூவுது வேற.

10லேர்ந்து 12 டெசிபெல் இறக்கினா போதும். பாட்டு இருக்குன்னும் தெரியணும், நீ பேசுறதும் புரியணும். மிக்சர்ல டாக்ஓவர் பட்டன் இருந்தா அது தானா இறக்கும், ஆனா நீ மூச்சு விடுற ஒவ்வொரு இடத்துலயும் பாட்டு பொசுக்குனு மேல வந்தா அசிங்கமா இருக்கும். மெதுவா ஏறுற மாதிரி வை. நாதஸ்வரம், பறைன்னு கூர்மையா வர்ற முன்னிசையா இருந்தா மொத்த சத்தத்தைக் குறைக்குறதைவிட, நடு அதிர்வெண்ணைக் கொஞ்சம் வெட்டு. பேச்சோட தெளிவு அங்கதான் இருக்கு.

கூவலுக்குக் காரணம் பெரும்பாலும் கைதான். வீடியோவுல ராப் பாடுறவங்களைப் பார்த்துட்டு மைக் தலையைக் கையால பொத்திப் பிடிக்கிறோம். அந்தத் தலைக்குப் பின்னாடி இருக்கிற ஓட்டைங்கதான் பக்கத்துச் சத்தத்தைத் தள்ளி விடுது. அதை மூடினா எல்லாப் பக்கத்துச் சத்தமும் உள்ள போகும், உடனே கூவும். தண்டைப் பிடி.

தண்டையார்பேட்டையிலேர்ந்து ஒரு பெரியவர்: பாட்டு மேல ஏன் பேசணும் தம்பி? எங்க காலத்து ரேடியோவுல பாடியவர் பேரைச் சொல்லுவாங்க, அப்புறம் பாட்டு. அவ்வளவுதான்.

ஐயா, பாதி உங்க கட்சிதான் நானும். எஃப்.எம். இந்தியாவுலயே முதல்ல வந்தது நம்ம மெட்ராஸுக்கு, 1977 ஜூலை 23. அப்பவும் வானொலி நிலையத்துப் பழக்கம் நீங்க சொன்னதுதான். 2003ல தனியார் எஃப்.எம். இங்க வந்தப்புறம்தான் முன்னிசை மேல பேசுறது நம்ம காதுக்குப் பழகிச்சு. நடுவுல ஒரு நொடி அமைதி வந்தாலும் ஸ்டேஷனை மாத்திடுவாங்கன்னு அவங்களுக்கு பயம். இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவோட வேகத்தைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கு வேகமாப் பேசுறது புதுசு இல்ல. ஆனா அந்த உச்சரிப்பு இல்லாம வேகம் மட்டும் நம்ம பசங்ககிட்ட வந்துடுச்சு, அதுதான் உங்களுக்கு எரிச்சல்.

எனக்கும் ஒரு அடி விழுந்திருக்கு. வண்ணாரப்பேட்டையில ஒரு வரவேற்பு. பொண்ணோட அப்பா ஒரு பாட்டைக் கேட்டிருந்தார், நான் அதோட முன்னிசையில ஆரம்பிச்சு முதல் வரி மேலயும் 'உற்சாகமா ஒரு கைதட்டல்'னு கத்திட்டேன். பாட்டு முடிஞ்சதும் மேடைப் பக்கம் வந்தார். கோபமே இல்ல. 'அந்த முதல் வரியை மட்டும் இன்னொரு தடவ போடுப்பா, அதுக்குத்தான் கேட்டேன்'னார். அன்னிலேர்ந்து வீட்டுக்காரங்க கேட்ட பாட்டுன்னா முன்னிசையிலகூட பேசுறதில்ல. போடுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டு மைக்கை ஆஃப் பண்ணிடுவேன்.

புளியந்தோப்பு: தாய்மாமன் சீர் வரும்போது துண்டுச் சீட்டுல பேர் எழுதிக் கொடுத்து, பாட்டு மேலயே படிக்கச் சொல்றாங்க. போன வாரம் ஒரே சீட்டுல 14 பேர்.

14 பேர் எந்த முன்னிசைக்கும் அடங்காது. பாட்டைத் தொடாத, தாள லூப்பைப் போட்டுப் பொறுமையா படி. படிக்கிறதுக்கு முன்னாடி சீட்டு கொடுத்தவரையே ஒரு தடவ வாசிக்கச் சொல்லு. 'சி. மணி'யை 'சிமணி'ன்னு படிச்சவன் நான். மூத்த மாமன் பேரைக் கடைசியில வை, அதுல பாட்டை அடி. வரிசை மாறுதேன்னு யாராவது கேட்டா, தட்டு தூக்கிட்டு வர்றவர் பேரை பாட்டோட சேர்த்துச் சொல்றது மரியாதைன்னு சொல்லு, ஒத்துக்குவாங்க.

பழைய வண்ணாரப்பேட்டை: 10 மணிக்கு மேல பேசாம பாட்டு மட்டும் போட்டா பரவாயில்லையா?

திறந்தவெளியில ரெண்டும் கூடாது. ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கிக்குத் தடை, 2000ஆம் வருஷ ஒலி மாசு விதி. 9:50க்கு நன்றி சொல்லிடு.

மறுபடி வியாசர்பாடி தம்பி: நீங்க சொன்ன மாதிரி எழுதி நேத்து ஒரு காதுகுத்துல பண்ணேன். பேசி முடிச்சும் 5 நொடி மிச்சம். என்ன பண்றதுன்னு தெரியாம 'ஓகே... ரைட்டு...'ன்னு சொல்லிட்டேன்.

அடுத்த தடவ அந்த 'ரைட்டு'க்குப் பதிலா மைக் ஸ்விட்சை அமுக்கு. ஆமா, அது எத்தனை நொடி பாட்டு? 16 வார்த்தைக்கு 5 நொடி மிச்சம்னா நீ வேகமாப் பேசியிருக்க. பதிவு இருந்தா அனுப்பு, கேட்டுச் சொல்றேன்.