மொரிஸ் மைனர் வாங்க ஓய்வூதியப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது. லண்டன் ஹரோவில் இருக்கிறோம். சுப்பர்மார்க்கெற் ஒன்றில் முகாமையாளர், ஆண்டுச் சம்பளம் 42,000 பவுண். மனைவி பள்ளிக்கூடத்தில் பகுதிநேர வேலை. வீட்டுக் கடன் இன்னும் 6 வருடம் இருக்கிறது. மாதச் செலவு எல்லாம் சேர்த்து 2,600 பவுண் வரும். ஐசாவில் (வரியில்லாத சேமிப்புக் கணக்கு) 31,000, வேலையிடத்து ஓய்வூதிய நிதியில் 140,000 சேர்ந்திருக்கிறது. பருத்தித்துறையில் என் மாமா ஒரு மொரிஸ் மைனர் கார் வைத்து ஹயர் ஓடினார். அப்படியொன்று வைத்திருக்க நெடுநாள் ஆசை. இப்போது 1967ஆம் ஆண்டு டிரவலர் (பின்பக்கம் மரச்சட்டம் போட்ட மைனர்) ஒன்று 6,500 பவுணுக்கு வந்திருக்கிறது. ‘கொஞ்சம் வெல்டிங்கும் மரவேலையும்’ இருக்கிறதாம். ஓய்வூதியத்தில் 16,000 எடுத்து, வாங்கித் திருத்தலாம் என்று யோசிக்கிறேன். பழைய கார் முதலீடு மாதிரி, விலை ஏறும், கல்யாணங்களுக்கு வாடகைக்கும் விடலாம் என்கிறான் மகன். வருடம் என்ன செலவாகும்? செய்யலாமா?

பதில்: மைனர் வாங்குங்கள், உங்களால் முடியும். ஆனால் இந்த டிரவலரை விடுங்கள். ஓய்வூதியத்திலும் கை வைக்காதீர்கள்.

முதலில் ஓய்வூதியம், ஏனென்றால் பெரிய நட்டம் வரப்போவது அங்கேதான். நிதியின் கால்வாசியை வரியில்லாமல் எடுக்கலாம் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். எந்த வழியில் எடுக்கிறோம் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. போன் எடுத்து ‘16,000 வேண்டும்’ என்று கேட்டு, நிறுவனமும் அதை ஒரு மொத்தத் தொகையாகத் தந்துவிட்டால், அதில் 4,000 மட்டுமே வரியில்லாத காசு. மிச்சம் 12,000 உங்கள் சம்பளத்தோடு சேரும். 42,000உம் 12,000உம் 54,000. அதில் 50,270க்கு மேலே போகும் 3,730 பவுணுக்கு 40 வீத வரி, அதற்குக் கீழே விழும் 8,270க்கு 20 வீதம். மொத்தம் 3,146 பவுண் வரியாகப் போய், கைக்கு வருவது 12,854. அதோடு முடியவில்லை. அப்படி எடுத்த பிறகு, உங்கள் பெயரில் வரிச்சலுகையோடு ஓய்வூதியத்துக்குப் போடக்கூடிய உச்சத்தொகை வருடம் 60,000இலிருந்து 10,000க்கு இறங்கிவிடும். வீட்டுக் கடன் முடிந்ததும் அந்தத் தவணைக் காசை ஓய்வூதியத்தில் போட்டு விட்டதைப் பிடிக்கலாம் என்று நீங்கள் நினைத்திருந்தால், அதற்கு இது இடைஞ்சலாக வரலாம்.

வரியில்லாத பங்கை மட்டும் எடுத்து, மிச்சத்தை நிதியிலேயே விட்டுவைக்கவும் வழி உண்டு. அப்படிச் செய்தால் வரியும் இல்லை, அந்தக் கட்டுப்பாடும் இல்லை. என்றாலும் காருக்காக வேண்டாம் என்றே சொல்வேன். வருடம் 5 வீதம் வளர்ந்தால், இந்த 16,000 உங்களுக்கு அரச ஓய்வூதியம் தொடங்கும் 67 வயதில் 26,000 அளவுக்கு வந்திருக்கும்.

ஐசாவைப் பாருங்கள். ஆறு மாதச் செலவு 15,600 பவுண். அதை எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். மீதி 15,400. அதில் காருக்கு 8,500, முதல் வருடத் திருத்த வேலைக்கு 2,500 என்று 11,000இல் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் 4,400 கையிருக்கும். தனிநபர் கடனோ தவணையோ எதற்கும் போகத் தேவையில்லை.

8,500 என்றதும், 6,500க்குக் கிடைக்கிறதை விட்டுவிட்டு ஏன் கூடக் கொடுக்கவேண்டும் என்று தோன்றும். டிரவலரின் பின்பக்கத்தில் தெரியும் மரச்சட்டம் அழகுக்கு ஒட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். ஆஷ் மரத்தால் செய்த அந்தச் சட்டம்தான் பின்பகுதியைத் தாங்கிநிற்கிறது. அது உக்கினால் கார் எம்.ஓ.டி. எனும் வருடாந்தத் தகுதிப் பரிசோதனையில் தோற்கும். முழுச் சட்டத்தையும் மாற்றுவது ஆயிரக்கணக்கில் போகும் வேலை. நல்ல மரம் என்றாலும், கராஜ் இல்லாமல் லண்டன் மழையில் நிற்கிற காருக்கு வருடாவருடம் வார்னிஷ் பார்க்கவேண்டும். ‘கொஞ்சம் வெல்டிங்’ என்பதும் அப்படித்தான். மேலே ஒரு துளை தெரிந்தால் கீழே தட்டில் நாலு இருக்கும். வெல்டிங்குக்கு மணித்தியாலக் கணக்கில் காசு கொடுக்கும்போது 6,500 பவுண் கார் 15,000ஐத் தாண்டுவது சாதாரணமாக நடக்கிறது. அவ்வளவு போட்டாலும் விற்கும்போது அந்த விலை வராது. வேலை முடித்து, பில்லும் படமும் ஒழுங்காக வைத்திருக்கிறவரிடம் வாங்கினால் அந்த நட்டம் ஏற்கனவே அவர் தலையில் விழுந்திருக்கும். உங்கள் மாமா ஓடியது அநேகமாக சலூனாகத்தான் (மரச்சட்டம் இல்லாத சாதாரண மைனர்) இருந்திருக்கும். சலூன்தான் விலையும் குறைவு, பராமரிப்பும் சுலபம்.

வாங்கப் போகும்போது வெயில் வெளிச்சத்தில் போங்கள், கார்பெற்றைத் தூக்கிப் பாருங்கள். முன் இருக்கைகளுக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டத்தின் இரண்டு நுனிகள், பின் ஸ்பிறிங் பூட்டியிருக்கும் இடங்கள், கதவுக்கடியில் உள்ள உள்தகடு: கறள் இருப்பது இந்த இடங்களில்தான். பிறகு முன்பக்கத்தை ஜாக் அடித்துத் தூக்கி, சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்கவேண்டும். மைனரின் முன் சில்லைத் தாங்கும் காலின் இரு முனையிலும் மரை போட்ட மூட்டு உண்டு, ட்ரனியன் என்பார்கள். ஆயிரம் மைலுக்கு ஒருதரம் அதற்குக் கிறீஸ் அடிக்கவேண்டும். கிறீஸ் காணாமல் கீழ் மூட்டின் மரை தேய்ந்துபோனால், ஒருநாள் மெதுவாகத் திருப்பும்போது சில்லு மடிந்து, காரின் மூக்கு றோட்டில் கிடக்கும். பத்து நிமிட வேலை, ஒரு கிறீஸ் துப்பாக்கி போதும். விற்பவரிடம் ‘கடைசியாக எப்போது கிறீஸ் அடித்தீர்கள்’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே காரின் நிலைமை பாதி தெரியும். மொரிஸ் மைனர் ஓனர்ஸ் கிளப்பில் சேர்ந்து, விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது இன்னும் நல்லது.

1948 முதல் 1971 வரை 16 லட்சம் மைனர்கள் செய்தார்கள். அதனால் உதிரிப்பாகத்துக்குக் கஷ்டம் இல்லை, விலையும் நியாயம். 1990களில் இலங்கையில் ஒரு பட்டறையில் அடித்த தகடுகள்கூட இங்கே வந்து பூட்டப்பட்டிருக்கின்றன. கூலிதான் கடிக்கும். பிரேக் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுபவரின் காலடியில், சட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. சாமான் மலிவு, அதைக் கழற்றி எடுப்பது பெரும்பாடு. எண்ணெய் மாற்றுவது, கிறீஸ் அடிப்பது, பிளக் பார்ப்பது வரையாவது நீங்களே பழகிக்கொள்ளுங்கள்.

வருடச் செலவுக்கு என் கணக்கு இது. 2,000 மைல் ஓடினால் பெற்றோல் 400 பவுண் அளவில். 2021 செப்ரெம்பரிலிருந்து சாதாரண பெற்றோலாக வருகிற ஈ10 (10 வீதம் வரை எதனோல் கலந்தது) பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது, எதனோல் குறைந்த, விலை கூடிய ஈ5 அடிக்கவேண்டும். ஈயம் சேர்த்த பெற்றோல் 2000இலிருந்து பொது விற்பனையில் இல்லை, ஈயம் இல்லாமல் பழைய வால்வு இருக்கை தேயும் என்பதால், சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு இருக்கை போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். காப்புறுதிக்கு 180, வழியில் நின்றால் உதவிக்கு 90, சேவிஸுக்கு 400, எதிர்பாராத வேலைக்கு 600. வீதி வரி இல்லை. 40 வருடம் தாண்டியதால் எம்.ஓ.டி.யும் சட்டப்படி தேவையில்லை, ஆனாலும் 55 பவுண் கொடுத்து வருடாவருடம் செய்யுங்கள். பிரேக்கை நாமே பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வது போதாது. கூட்டினால் 1,700 பவுணுக்குக் கிட்ட வருகிறது, மாதம் 142. லொக்புக்கில் (காரின் பதிவுப் புத்தகம்) ‘ஹிஸ்ரோறிக்’ வகை என்று பதிந்திருந்தால், புகை கூடிய வாகனங்களுக்கு லண்டனில் வாங்கும் யூலெஸ் கட்டணமும் இல்லை. ஹரோ 2023 ஓகஸ்ற் 29இலிருந்து அந்த வலயத்துக்குள் வருவதால் இதை மறக்காமல் பாருங்கள். காப்புறுதியில் காரின் பெறுமதியை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் வகையை எடுங்கள். இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு பெறுமதியை நிறுவனமே தீர்மானிக்கும்.

மகன் சொன்ன முதலீட்டுக்கு வருகிறேன். தனியார் காரை விற்று வரும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்பது உண்மை. ஆனால் நட்டம் வந்தால் அதை வேறு இலாபத்தில் கழிக்கவும் முடியாது. 8,500க்கு வாங்கி 5 வருடத்துக்கு வருடம் 1,700 செலவழித்தால், முதல் வருடத் திருத்த வேலையைச் சேர்க்காமலே, போட்ட காசு திரும்பி வர 17,000க்கு விற்கவேண்டும். 16 லட்சம் செய்த மைனரில் ஒரு சலூனுக்கு அந்த விலை வரும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். மாதம் 142 பவுண் மனதுக்குப் பிடித்த செலவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வருமானம் அதைத் தாங்கும். மனைவியோடும் இந்தத் தொகையைச் சொல்லியே பேசுங்கள்.

கல்யாண வாடகை வேண்டாம். கூலிக்கு ஓடும் கார் வீதி வரி விலக்கை இழக்கும், சாதாரண காப்புறுதியும் செல்லாது. கார் விற்கும் நிறுவனத்தில் வாங்கினால் முற்பணத்தில் ஒரு பகுதியையாவது கடனட்டையில் கட்டுங்கள், கார் விலை 100 பவுணுக்கு மேல் 30,000க்குள் இருப்பதால் முழு விலைக்கும் சட்டப் பாதுகாப்பு வரும். தனியாரிடம் வாங்கும்போது அது கிடைக்காது. அதனால் லொக்புக்கில் உள்ள சஸி இலக்கத்தைக் காரில் அடித்த இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு பவுணும் கொடுக்காதீர்கள்.