தலைகீழாகும் வீடு: இந்தப் படப் புத்தகத்தை வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. அவளோடு விளையாட இன்னொரு குழந்தை வந்தால் கொஞ்ச நேரத்தில் அழுகை, இழுபறி, தரை முழுக்கப் பொம்மைகள். இப்படி ஒரு நாளைச் சிரிப்பாகச் சொல்லும் படப் புத்தகம் ஒன்றை இணையத்தில் பார்த்தேன். வாங்கலாமா? அதைப் பார்த்து அட்டகாசம் கூடிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: தாராளமாக வாங்குங்கள். பொம்மையைப் பிடுங்குவதெல்லாம் அந்த வயதில் தானாகவே வருவது. அதே சண்டை வேறொரு குழந்தைக்கு நடப்பதைப் பார்க்கும்போது அவளால் சிரிக்க முடியும். அப்புறம் "அவன் ஏன் அழுகிறான்?" என்று கேட்பாள். பொம்மைச் சண்டையைப் பற்றிப் பேச அது நல்ல நேரம்.

ஆனால் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். உள்பக்க மாதிரிகள் இருந்தால் திறந்து, படம் எழுத்தைவிட அதிகம் சொல்கிறதா என்று பாருங்கள். "இருவரும் சமர்த்தாக விளையாடினார்கள்" என்று எழுதியிருக்க, படத்தில் பூனை திரைச்சீலையில் தொங்க வேண்டும். உங்கள் மகளுக்கு இன்னும் படிக்க வராமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பூனையை முதலில் கண்டுபிடிப்பது அவள்தான். அந்தச் சந்தோஷத்துக்காகவே மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்வாள். எழுத்தில் உள்ளதையே படமும் சொன்னால் சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இந்த வகைப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான். அதனால் பக்கம் திருப்பும் இடம் முக்கியம். வலப்பக்கத்தில் வாளி சாயத் தொடங்கி, திருப்பியதும் அறையே நனைந்திருந்தால் ஓவியருக்குத் தொழில் தெரியும்.

கடைசியில் பெரியவர் வந்து திட்டி, அறிவுரையோடு முடியும் புத்தகத்தை நான் வாங்க மாட்டேன். விருந்தாளிக் குழந்தையை மட்டும் கெட்ட பிள்ளையாகக் காட்டுவதும் வேண்டாம். அடுத்து வரும் தோழியை உங்கள் மகள் அந்தக் கண்ணோடு பார்க்கக் கூடும். இருவருமே சேர்ந்து குழப்படி செய்து, இருவருமே சமாதானமாகும் கதைதான் நல்லது.

கைபேசியில் படிக்கும் மின்னூல் இதற்குச் சரிப்படாது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்த படம் அதில் சிறுத்துப் போகும், பூனையும் கண்ணில் படாது. அச்சுப் புத்தகமே வாங்குங்கள். வந்ததும் நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்கள். நூலால் தைத்த கட்டு பொதுவாக நாள்பட உழைக்கும். பக்கம் கழன்றோ அச்சு கலங்கியோ இருந்தால், மகள் கையில் கொடுப்பதற்கு முன்பே படம் எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பி, வேறு பிரதி கேளுங்கள்.