அறைக்குள்ளேயே அடைத்து வைத்தும் டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் கொரோனா ஏன் பரவியது?

அடைத்தது பயணிகளை மட்டும்தான், அது ஒரு காரணம். இந்தச் சுற்றுலாக் கப்பல் 2020 பிப்ரவரி 3-இல் ஜப்பானின் யோகோஹாமா வந்தது. அதில் இருந்த 3,711 பேரில் ஆயிரத்துச் சொச்சம் பேர் ஊழியர்கள். பிப்ரவரி 5 முதல் பயணிகள் அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்றார்கள். சரி, சோறு யார் கொண்டுபோய்க் கொடுப்பது? ஊழியர்கள்தானே. கதவு கதவாகத் தட்டித் தட்டு நீட்டிவிட்டு, கீழ்த்தளத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்; பலர் ஒரே அறையில் இரண்டடுக்குக் கட்டிலில் படுத்தார்கள். தொற்று உறுதியான ஊழியர்களில் சமையல், உணவுப் பரிமாறல் வேலையில் இருந்தவர்கள் பலர். தனிமைப்படுத்தல் என்ற பேச்சே அவர்களுக்குப் பொருந்தவில்லை.

இன்னொன்று, அடைப்பதற்கு முன்பே பரவிவிட்டது. ஜனவரி 25-இல் ஹாங்காங்கில் இறங்கிய பயணி ஒருவருக்குத் தொற்று உறுதியானது பிப்ரவரி 1-இல். இடையில் விருந்து, ஆட்டம், பஃபே எல்லாம் வழக்கம்போல நடந்தன. தம்பதிகளை ஒரே அறையில் பூட்டினால், ஒருவருக்கு இருப்பது மற்றவருக்கும் வரத்தானே செய்யும்?

கடைசியில் 712 பேருக்குத் தொற்று. அவர்களில் 331 பேருக்குப் பரிசோதனை நேரத்தில் அறிகுறியே இல்லை. காய்ச்சல் பார்த்துப் பிரிக்கும் முறை இங்கே எடுபடவில்லை.