மொட்டு வைத்த மல்லியைக் கவாத்து செய்யலாமா?

கேள்வி: அல்சூரில் மாடித் தொட்டியில் குண்டுமல்லி வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பதியன். வாராவாரம் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். இலை கரும்பச்சையாகத் தழைக்கிறது, பூதான் ஒரு கைப்பிடிகூட தேறவில்லை. இந்த ஏப்ரலில் அங்கங்கே மொட்டு தெரிகிறது. இப்போது வெட்டலாமா? ரசாயன உரம் போட மனமில்லை.
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: முதலில் புண்ணாக்கை நிறுத்துங்கள் அம்மா. கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து ஏறக்குறைய 7 சதவீதம். வாராவாரம் அதை ஊற்றினால் செடி இலையாகத்தான் விடும். பூ முடிந்து புதுத் தளிர் கிளம்பும்போது ஒருமுறை கொடுங்கள், போதும்.

மொட்டு இருக்கும் கிளையில் கத்தரியை வைக்கவே வேண்டாம். மல்லி புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். நுனியை உற்றுப் பாருங்கள்: பெரும்பாலும் மூன்று மொட்டு சேர்ந்து நிற்கும். நடுவில் இருப்பது முதலில் விரியும், பக்கத்து இரண்டும் பிறகு. மூன்றையும் பறித்த பிறகு, அந்த நுனியிலிருந்து இரண்டு கணு கீழே இறங்கி, இலைக்கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவின் இரு பக்கமும் தளிர் கிளம்பும், அடுத்த மொட்டு அதில்தான். ஒரே நாளில் செடி முழுவதையும் வெட்டாமல், பூ முடிய முடிய ஒவ்வொரு கிளையாக வெட்டி வாருங்கள். மொட்டே இல்லாமல் நீளமாக ஓடும் கொடி, உள்ளே நிழலில் நோஞ்சானாக நிற்கும் குச்சி, காய்ந்த கிளை இவற்றை மட்டும் இப்போதே எடுத்துவிடலாம். வெயிலும் காற்றும் உள்ளே போகட்டும்.

பெரிய கவாத்து வேறு. தமிழ்நாட்டில் நவம்பர் கடைசியில் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு வெட்டிவிடுவார்கள். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். டிசம்பர் குளிரில் வெட்டிய செடி துளிர்க்காமல் முடங்கிக் கிடக்கும். ஜனவரி கடைசி வரை பொறுப்பதே என் வழக்கம்.

ஊட்டத்துக்கு இப்போது பஞ்சகவ்யா (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்க வைத்த கரைசல்) நல்லது. லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, வடிகட்டி, பத்து நாளுக்கு ஒருமுறை மாலையில் இலையில் தெளியுங்கள். வேருக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், மண்ணைக் கிளறி மூடுங்கள். வாழைப்பழத் தோலை அப்படியே புதைக்காதீர்கள், எறும்பும் ஈயும் வரும். மக்க வைத்துப் போடுங்கள்.

விறகுச் சாம்பலை உரமாகப் போடுவதில் கொஞ்சம் கவனம் வேண்டும். நம் ஊரில் காவிரித் தண்ணீர் வராத நாளில் டேங்கர் அல்லது போர் தண்ணீர்தான். அது உப்புத் தண்ணீர். ஊற்ற ஊற்ற மண்ணில் காரத்தன்மை ஏறி, செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போகும். நரம்பு பச்சையாக இருக்க இலை மட்டும் மஞ்சளாவது அதனால்தான். சாம்பல் அதை இன்னும் கூட்டும். மழை பெய்தால் ஒரு வாளி பிடித்து மல்லிக்கு வையுங்கள், நல்ல வித்தியாசம் தெரியும்.

அப்புறம் மொட்டுப்புழு. மொட்டில் சின்ன ஓட்டை, மொட்டுகளைச் சேர்த்துக் கட்டிய மெல்லிய நூல், இவற்றைப் பார்த்தால் அந்த மொட்டுகளைக் கிள்ளி எடுத்து அழித்துவிடுங்கள், தொட்டிக்குள் போடாதீர்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலில் கலக்கி, அன்றைய பூவைப் பறித்துவிட்டு வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள்.