ஆட்டைக் கண்டால் பாயும் சிப்பிப்பாறை

கேள்வி: மதுரையில் ஒரு காப்பகத்திலிருந்து இரண்டு வயது ஆண் நாயைத் தத்தெடுத்தோம். பார்க்க சிப்பிப்பாறை மாதிரி இருக்கிறது. மண்டபம் பக்கம் கடற்கரையோரம் எங்கள் வீடு. வீட்டுக்குள் சத்தமே இல்லாமல் படுத்துக் கிடக்கும். வெளியே ஆட்டைப் பார்த்தால் போதும், பாய்ந்துவிடுகிறது. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எவ்வளவு சோறு போட்டாலும் விலா எலும்பு தெரிகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். இரண்டுமே இனத்தின் வாகு.

எலும்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்த இனத்தில் கடைசி இரண்டு மூன்று விலா தெரியத்தான் செய்யும். முதுகெலும்பும் இடுப்பு எலும்பும் துருத்திக்கொண்டிருந்தால் மட்டும் குடற்பூச்சி மருந்தும் ரத்தப் பரிசோதனையும் தேவை; காப்பகத்து நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் உள்ளுக்குள் இருந்து எடையைக் குறைப்பதுண்டு. சாப்பாட்டை இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். சாப்பிட்டதும் ஓட விடாதீர்கள். மார்பு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம்.

ஆட்டு விவகாரம்தான் பெரியது. சிப்பிப்பாறையும் கன்னி என்ற நாய் இனமும் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடுபவை. தென்மாவட்டக் கரிசல் வெட்டவெளியில் முயல் துரத்தவே வளர்த்தார்கள். சொல்லுக்குக் காத்திருக்கும் நாய்க்கு முயல் கிடைக்காது. காத்திருக்காத நாயைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதை இப்போது 'சொல் பேச்சு கேட்கவில்லை' என்று அடித்தால் உங்களைக் கண்டு மிரளுமே தவிர, ஆட்டை மறக்காது.

அதனால் திறந்த கடற்கரையில் அவிழ்த்து விடும் ஆசையை விட்டுவிடுங்கள். 'பழகிவிட்டது' என்று ஒரு மாதத்தில் அவிழ்ப்பவர்கள்தான் பிறகு ஆட்டுக்காரரிடம் பணம் எண்ணிக் கொடுக்கிறார்கள். சாதாரணக் கழுத்துப்பட்டையும் போதாது. இந்த இனத்துக்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே அளவு. பின்னால் இழுத்தால் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் வாங்கி, அதில் பத்து மீட்டர் கயிறு மாட்டுங்கள். வலைக்கயிறு கையை அறுத்துவிடும், பட்டையான நாடா நல்லது. பனைமட்டை வேலியை நம்பாதீர்கள். ஆறடிச் சுவராவது வேண்டும்.

பயிற்சிக்கு இடமே இல்லையா என்றால், உண்டு, ஆனால் ஒரு நொடிதான். தூரத்தில் ஆடு தெரிந்ததும் நாய் சட்டென நிற்கும், தலை உயரும், காது முன்னால் வரும், வால் அசைவது நின்றுபோகும். அந்த நொடியில் பெயரைச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்தால் முள் எடுத்த அவித்த சாளைத் துண்டு ஒன்று. ஓடத் தொடங்கிய பிறகு தொண்டை கிழியக் கத்தியும் பயனில்லை. தெரிந்தவர் யாரிடமாவது மதில் வைத்த தென்னந்தோப்பு இருந்தால் காலையில் அங்கே ஓட விடுங்கள். பத்து நிமிட ஓட்டம் போதும், பிறகு நாளெல்லாம் தூங்கும்.

உங்கள் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள். கருவேலங்காட்டுப் பக்கம் போய் வந்தால் விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள். சீமைக்கருவேல முள் உள்ளே ஒடிந்து சீழ் வைக்கும். வலை உதறும் இடத்தில் கிடக்கும் பேத்தை மீனை வாயில் வைக்கவே கூடாது. அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவரிடம் ஓடுங்கள். தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிட வரும் கரையில் இரவு நடை வேண்டாம். முட்டைக் குழியை நாய் தோண்டினால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கருத்தடையோ வேறு அறுவைச் சிகிச்சையோ செய்வதானால், இது வேட்டை நாய் இனம் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உடலில் கொழுப்பு குறைவு என்பதால் தயோபென்டோன் வகை மயக்க மருந்து கொடுத்தால் மயக்கம் தெளிய நெடுநேரம் ஆகும்.

அப்புறம், பக்கத்து ஆட்டுக்காரரிடம் இன்றே போய்ப் பேசுங்கள். எத்தனை மணிக்கு மந்தையை ஓட்டுகிறார், எந்த வழியாக ஓட்டுகிறார் என்று தெரிந்தால் உங்கள் நடை நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.