லைன் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது?

கேள்வி: சர்க்கியூட் போர்டு தொழிற்சாலைகளுக்கு எஸ்.எம்.டி. மெஷின் (போர்டின் மேல் சிறு மின்னணு பாகங்களைப் பொருத்தும் மெஷின்) விற்கும் பிரதிநிதி நான். போர்டு தயாரிப்பாளர்களின் 'புக் டு பில்' விகிதம் ஒன்றுக்கு மேல் ஏறிக்கொண்டே போகிறது. என் பகுதியில் ஒரு மெஷினுக்குக்கூட ஆர்டர் இல்லை. எதை நம்பி அடுத்த அரையாண்டைக் கணிப்பது?

பதில்: வந்த ஆர்டரை, அனுப்பிய சரக்கின் பில் தொகையால் வகுத்து வருவதுதான் அந்த விகிதம். ஆர்டர் 102, பில் 100 என்றால் 1.02. அடுத்த காலாண்டில் பாகங்கள் கிடைக்காமல் பில் 90-க்கு இறங்கி, ஆர்டரும் 99 ஆகிவிட்டால் 1.10. ஆர்டர் குறைந்திருக்கிறது, விகிதமோ ஏறியிருக்கிறது! 2021 சிப் தட்டுப்பாட்டில் இப்படித்தான் சரக்கு அனுப்ப முடியாமல் பில் தேங்கியது. கிடைக்காதோ என்ற பயத்தில் ஒரே தேவைக்கு இரண்டு இடத்தில் ஆர்டர் போட்டதும் மேல் எண்ணான ஆர்டரை ஊதிவிட்டது. அதனால் ஆர்டரையும் பில்லையும் தனித்தனியாகப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று மாதச் சராசரியாக வெளியிடுவதால், திருப்பம் தாமதமாகத்தான் தெரியும்.

அதோடு, அது போர்டு வியாபாரத்தின் கணக்கு. மெஷின் வியாபாரம் அதைவிடப் பல மடங்கு ஆடும். உங்கள் பகுதியில் 10 லைன் (போர்டு தயாரிக்க வரிசையாக இணைத்த மெஷின்கள்) இருக்கிறது, ஒவ்வொன்றும் 10 வருடம் உழைக்கிறது என்று வையுங்கள். வருடத்துக்கு ஒரு லைன் மாற்று விற்பனை. எல்லா லைனும் முழு மூச்சில் ஓடும்போது போர்டு தேவை 10 சதவீதம் கூடினால் இன்னொரு லைன் வேண்டும். உங்கள் விற்பனை இரட்டிப்பாகும். 10 சதவீதம் குறைந்தால் பழைய லைனை நிறுத்திவிட்டு, புதிதாக எதுவும் வாங்க மாட்டார்கள். உங்கள் விற்பனை பூஜ்யம்.

ஆகவே ஓடும் நேரத்தை எண்ணுங்கள். இரண்டு ஷிஃப்ட், ஐந்து நாள் என்றால் வாரத்தின் 168 மணியில் 80 மணிதான் லைன் ஓடுகிறது. அவர்கள் முதலில் மூன்றாவது ஷிஃப்டுக்கு ஆள் எடுப்பார்கள், மெஷின் வாங்க மாட்டார்கள். மூன்று ஷிஃப்ட், ஆறு நாள் என்றால் 144 மணி. பராமரிப்புக்கே நேரம் கிடைக்காது. அங்கே பட்ஜெட் பேச்சு தானாகக் கிளம்பும். உற்பத்தி மேலாளர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் லைன் சொல்லும். சால்டரை உருக்கிப் பாகங்களை ஒட்டவைக்கும் ரீஃப்ளோ ஓவன் வாயில் ஐந்து நிமிடம் நின்று, போர்டுக்கும் போர்டுக்கும் நடுவே கன்வேயர் எவ்வளவு காலியாகப் போகிறது என்று பாருங்கள். போர்டில் சால்டர் பேஸ்ட் (பற்றுப் பசை) பூசும் பிரிண்டர் அருகில் 500 கிராம் பேஸ்ட் டப்பா வாரத்துக்கு எத்தனை காலியாகிறது என்று கேளுங்கள். தொழிற்சாலை விரிவாக்க அறிவிப்பைவிட எனக்கு அந்தக் காலி டப்பாக்கள்மேல்தான் நம்பிக்கை.

விதி மாற்றம் வேறு ரகம். அது ஷிஃப்ட் கணக்கில் தெரியாது. ஐரோப்பாவில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ரோஸ் (RoHS) விதி 2006 ஜூலை 1-இல் அமலானபோது, 183 டிகிரியில் உருகும் ஈய சால்டரை விட்டுவிட்டு 217 டிகிரிக்கு மேல் உருகும் சால்டருக்கு மாற வேண்டியிருந்தது. சூடாக்கும் மண்டலங்கள் குறைந்த பழைய ஓவன்கள் திணறின. இப்படிப்பட்ட கெடு தேதிகளை முன்கூட்டியே காலண்டரில் குறித்துவையுங்கள்.

கேள்வி: மணிக்கு 40,000 பாகம் வைக்கும் மெஷினை விட வேகமான ஒன்றை வாடிக்கையாளர் கேட்கிறார். விற்றுவிடலாமா?

பதில்: முதலில் ஸ்டாப்வாட்சோடு லைனில் நில்லுங்கள். ஒரு போர்டில் 480 பாகம். முதல் மெஷின் 400 சிறு பாகங்களை 36 விநாடியில் வைக்கிறது. அதுதான் உங்கள் 40,000. இரண்டாவது மெஷின் ஐ.சி. (சிப்), கனெக்டர் என 80 பாகத்துக்கு 48 விநாடி எடுக்கிறது. அப்படியானால் மணிக்கு 75 போர்டுதான் வரும். முதல் மெஷினை எவ்வளவு வேகமாக்கினாலும் அதே 75. இரண்டாவதிலிருந்து 15 சிறிய ஐ.சி.களை முதலாவதுக்கு மாற்றினால், ஒன்றுக்கு 0.6 விநாடி வீதம் 9 விநாடி மிச்சம். 39 விநாடியில் ஒரு போர்டு, மணிக்கு 92. முதல் மெஷின் அந்த ஐ.சி.களை மூன்று விநாடிக்குள் வைத்தாக வேண்டும், ஃபீடர் (மெஷினுக்குப் பாகங்களை ஊட்டும் கருவி) மாட்ட இடமும், பாகத்தைப் பிடிக்கத் தகுந்த நாஸிலும் இருக்க வேண்டும். காசில்லாமல் இதைச் செய்துகொடுங்கள். தவறான மெஷினை விற்றால் அந்தத் தொழிற்சாலைக் கதவு உங்களுக்கு மறுபடி திறக்காது.

கேள்வி: முடிவெடுப்பது வேறு பகுதியில் உள்ள தலைமையகம், மெஷின் இறங்குவது என் பகுதியில். கமிஷன் யாருக்கு?

பதில்: ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். டெமோவும் தேர்வும் நடந்த இடம், பர்ச்சேஸ் ஆர்டர் வந்த இடம், நிறுவும் இடம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பங்கு எழுதி வாங்குங்கள், அதுவும் விலைப்புள்ளி போவதற்கு முன்பே. ஆர்டர் ரத்தானால் வாங்கிய கமிஷனைத் திருப்பித் தர வேண்டுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: பக்கத்தில் ஒரு தொழிற்சாலை மூடுகிறது. அதன் பழைய மெஷின்கள் என் வியாபாரத்தைக் கெடுக்குமா?

பதில்: சில மாதம் கெடுக்கும். வாங்குபவரிடம் மூன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: ஃபீடர்கள் எத்தனை கூட வருகின்றன, மென்பொருள் உரிமம் அவர் பெயருக்கு மாறுமா, உதிரிபாகம் இன்னும் தயாராகிறதா. ஃபீடர் இல்லாமல் மலிவாக வந்த மெஷினுக்கு, ஃபீடர் வாங்கியே பணம் கரையும். அந்த ஃபீடரையும் சர்வீஸையும் நீங்களே கொடுங்கள். அடுத்த புது மெஷினுக்கு அவர் உங்களைத்தான் கூப்பிடுவார்.